தனியாக வசிக்கும் அம்மா, அப்பாவுக்கு சென்னையில் என்னென்ன உதவிகள் கிடைக்கும்? யாரை அழைக்க வேண்டும்? முழு விவரம்

மந்தைவெளியில் லிஃப்ட் இல்லாத ஒரு பழைய ஃப்ளாட். இரண்டாவது மாடியில் 78 வயது அம்மா தனியாக இருக்கிறார். மகன் அமெரிக்காவில், மகள் பெங்களூருவில். தினமும் ராத்திரி வீடியோ காலில் "சாப்டியாம்மா, மாத்திரை போட்டியா?" என்று கேட்கிறார்கள். "எல்லாம் ஆச்சு" என்கிறார் அம்மா. பாத்ரூம் பல்பு எரியாமல் நாலு நாள் ஆகிறது, பேங்குக்குப் போய் மூன்று மாசம் ஆகிறது, முழங்கால் வலியால் இந்த வாரம் கீழேயே இறங்கவில்லை என்பதையெல்லாம் அவர் சொல்வதில்லை.

இது ஓர் உதாரணம்தான். ஆனால் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிகளில் வசிப்பவர்களுக்கு இது புதிய காட்சி அல்ல. ஒவ்வொரு தெருவிலும் இப்படி ஒரு வீடாவது இருக்கும்.

"இங்க வந்துடும்மா" என்று பிள்ளைகள் கூப்பிடுவார்கள். "முதியோர் இல்லம் பார்க்கலாமா?" என்று உறவினர்கள் கேட்பார்கள். பல பெரியவர்களுக்கு இரண்டுமே பிடிப்பதில்லை. 40 வருஷமாகப் பழகிய தெரு, தெரிந்த கோவில், தெரிந்த மருந்துக்கடை, தெரிந்த டாக்டர். அங்கேயே இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் ஆசை.

அது முடியுமா? முடியும். ஆனால் ஒரு நிபந்தனை. தனியாக வசிப்பது வேறு, எல்லாவற்றையும் தனியாகச் செய்வது வேறு. அன்றாட வேலைகளில் எட்டு, பத்தை வெளியிலிருந்து வரும் உதவியிடம் ஒப்படைத்துவிட்டால், மற்றதைப் பெரியவர்கள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். அரசு, காவல்துறை, வங்கி, தபால்துறை, தன்னார்வ அமைப்புகள் எனப் பல இடங்களில் இந்த உதவிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி வாசல் என்பதுதான் சிக்கல். எந்த வாசல் எதற்கு என்று பார்ப்போம்.

ஏன் இது இப்போது முக்கியம்?

2011 மக்கள்தொகை கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். நாட்டின் சராசரி அப்போது 8.6 சதவீதம்தான். மத்திய அரசின் மதிப்பீட்டின்படி 2021-ல் தமிழ்நாட்டின் விகிதம் 13.6 சதவீதமாக உயர்ந்தது. கேரளாவுக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்குத்தான். 2031-ல் இது 18 சதவீதத்தைத் தாண்டும் என்றும் அந்த மதிப்பீடு சொல்கிறது. அதாவது ஏறக்குறைய ஐந்தரை பேரில் ஒருவர் 60 வயதைக் கடந்தவராக இருப்பார்.

மத்திய, தென் சென்னையின் பழைய குடியிருப்புகளில் இன்னொரு பிரச்னையும் உண்டு. 1970, 80-களில் கட்டிய மூன்று மாடி ஃப்ளாட்டுகள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. 45 வயதில் ஆசையாக வாங்கிய இரண்டாவது மாடி வீடு, 75 வயதில் 40 படிக்கட்டுகளாக மாறிவிடுகிறது. கூடவே லஸ், மந்தைவெளி, தி.நகர், அடையாறு பகுதிகளில் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளால் சாலைகள் மாறின, பஸ் நிறுத்தங்கள் இடம் பெயர்ந்தன. பழகிய வழியே பழகாத வழியாகிவிட்டது.

முதல் அழைப்பு: 14567

எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை என்றால் இந்த எண்ணை அழையுங்கள். 14567 என்பது முதியோருக்கான தேசிய உதவி எண். 'எல்டர் லைன்' என்று பெயர். 2021 அக்டோபர் 1-ம் தேதி, சர்வதேச முதியோர் தினத்தன்று நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்டது. கட்டணம் இல்லை. எல்லா நாட்களிலும் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை பேசலாம்.

என்னவெல்லாம் கேட்கலாம்?

* ஓய்வூதியம், மருத்துவமனை, முதியோர் இல்லம், பராமரிப்பு மையம் பற்றிய தகவல்
* சொத்து, ஜீவனாம்சம் தொடர்பான சட்ட வழிகாட்டல்
* மன உளைச்சல், தனிமை என்றால் பேச ஓர் ஆள்
* கொடுமை, கைவிடப்படுதல் போன்ற நிலையில் நேரடித் தலையீடு

பெரியவர்களேதான் பேச வேண்டும் என்றில்லை. பக்கத்து வீட்டுக்காரர், வாட்ச்மேன், வேலைக்கு வரும் அம்மா என யார் வேண்டுமானாலும் அழைத்து "எங்க அப்பார்ட்மெண்ட்டில் ஒரு பெரியவர் இப்படி இருக்கிறார்" என்று சொல்லலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். இது ஆம்புலன்ஸ் எண் அல்ல. நெஞ்சு வலி, கீழே விழுந்து அடி என்றால் நேராக 108. ஆபத்து, திருட்டு பயம் என்றால் 100 அல்லது 112.

காவல் நிலையத்தில் பெயர் இருக்கிறதா?

இது பலருக்குத் தெரியாத விஷயம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ல் வந்தது. அதற்கான தமிழ்நாடு விதிகள் 2009-ல் வந்தன. அந்த விதிகளின்படி ஒவ்வொரு காவல் நிலையமும் தன் எல்லையில் வசிக்கும் மூத்த குடிமக்களின், குறிப்பாகத் தனியாக வசிப்பவர்களின் பட்டியலை வைத்திருக்க வேண்டும். காவலர் ஒருவர், முடிந்தால் ஒரு சமூகப் பணியாளருடன், குறிப்பிட்ட இடைவெளியில் அவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும்.

சென்னை காவல்துறை 2023-ல் 'பந்தம்' என்ற திட்டத்தையும் தொடங்கியது. 75 வயதைத் தாண்டி, பிள்ளைகள் உடன் இல்லாமல் வசிப்பவர்களுக்கானது அது.

ஆனால் பட்டியலில் பெயர் தானாக ஏறாது. யாராவது போய்ச் சொல்ல வேண்டும். அம்மாவின் பெயர், வயது, முகவரி, பிள்ளைகளின் தொலைபேசி எண், சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் எண் இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி, உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் கொடுங்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது செய்யும் வேலைகளில் இதை முதலாவதாக வையுங்கள்.

டாக்டரிடம் போக முடியவில்லை. டாக்டர் வருவாரா?

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து தருவது, இயன்முறை சிகிச்சை, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி நிவாரண ஆதரவு சிகிச்சை ஆகியவை இதில் அடங்கும். கிராமத்துக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். சென்னையிலும் உண்டு. உங்கள் வார்டில் உள்ள மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்துகொள்ளலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணிலும் பேசலாம்.

முதியோர் மருத்துவம் என்று தனியாக ஒன்று உண்டா என்று சிலர் கேட்பார்கள். அதற்கு இந்தியாவில் வழிகாட்டியதே சென்னைதான். நாட்டின் முதல் முதியோர் மருத்துவப் பேராசிரியர் டாக்டர் வ.செ.நடராஜன், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இந்தத் துறையை வளர்த்தவர். 2012-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. முதியோர் மருத்துவத்தில் எம்.டி. பட்டப்படிப்பும் 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில்தான் முதலில் தொடங்கியது.

இப்போது தென் சென்னைக்காரர்களுக்கு இன்னும் பக்கத்தில் ஓர் இடம் இருக்கிறது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் உள்ள தேசிய முதியோர் நல மருத்துவமனை. 200 படுக்கைகள் கொண்ட இந்த மருத்துவமனை 2024 பிப்ரவரி 25-ல் திறக்கப்பட்டது. மூட்டுக்கு ஒரு டாக்டர், சர்க்கரைக்கு ஒரு டாக்டர், தூக்கத்துக்கு ஒரு டாக்டர் என்று அலையும் பெரியவர்களுக்கு ஒரே இடத்தில் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது பெரிய உதவி. ஒன்பது விதமான மாத்திரைகள் சாப்பிடுபவருக்கு அதில் எது எதோடு ஒத்துப்போகாது என்று பார்க்க ஒருவர் வேண்டுமல்லவா?

குறைந்த செலவில் பார்க்க, சமூகமே நடத்தும் மருத்துவமனைகளும் இந்தப் பகுதியில் உண்டு. மேற்கு மாம்பலத்தில் எம்.சி.சுப்பிரமணியம் 1953-ல் தொடங்கிய பப்ளிக் ஹெல்த் சென்டர், டாக்டர் கே.எஸ்.சஞ்சீவி 1958-ல் தொடங்கிய அடையாறு-தரமணி வி.எச்.எஸ். மருத்துவமனை, மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்தின் தர்ம மருத்துவமனை ஆகியவை தலைமுறைகளாக இங்கே உள்ளவர்களுக்குத் தெரிந்தவை.

சாப்பாடும் ரேஷனும்

தனியாக இருப்பவர்கள் முதலில் விட்டுவிடுவது சமையலைத்தான். "ஒருத்திக்காக எதுக்கு அடுப்பு பத்த வைக்கணும்?" என்று மோர் சாதத்தோடு முடித்துக்கொள்வார்கள். மாதக்கணக்கில் இப்படியே போனால் சத்துக் குறைந்து, தசை பலம் குறைந்து, கீழே விழும் ஆபத்து கூடுகிறது.

மயிலாப்பூர், மேற்கு மாம்பலம், திருவான்மியூர் பக்கம் மாதக் கணக்கில் சாப்பாடு கொண்டு வந்து தரும் மெஸ்கள், வீட்டுச் சமையல்காரர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். காரம், எண்ணெய், உப்பைக் குறைத்துப் பெரியவர்களுக்கென்றே சமைப்பவர்களும் உண்டு. பேசும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். மதியச் சாப்பாடு எத்தனை மணிக்கு வரும்? அம்மா கதவைத் திறக்காவிட்டால் எனக்கு ஒரு போன் செய்வீர்களா? இரண்டாவது கேள்வி முக்கியம். தினமும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டும் ஒருவர், தினமும் அம்மாவைப் பார்க்கும் ஒருவரும்கூட.

வசதி குறைந்தவர்களுக்கு அம்மா உணவகம் இருக்கிறது. 2013 பிப்ரவரியில் சாந்தோமில்தான் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது. ஒரு ரூபாய் இட்லி, 5 ரூபாய் சாம்பார் சாதம், 3 ரூபாய் தயிர் சாதம் என்ற விலையில் தொடங்கிய உணவகம் அது.

ரேஷன் பொருட்களை வீட்டுக்கே கொண்டு வரும் 'தாயுமானவர்' திட்டம் 2025 ஆகஸ்ட் 12-ல் சென்னையில் தொடங்கப்பட்டது. தொடங்கியபோது 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் என்று அறிவிக்கப்பட்டது. வீட்டு வாசலிலேயே விரல்ரேகை வைத்துப் பொருட்களை வாங்கலாம். உங்கள் அட்டை பட்டியலில் இருக்கிறதா என்று ரேஷன் கடையில் கேளுங்கள். இல்லையென்றாலும் கவலை வேண்டாம். கடைக்கு வர முடியாதவர்கள் தங்கள் சார்பில் வேறொருவர் வாங்கிக்கொள்ள அங்கீகாரப் படிவம் கொடுக்கும் வழியும் இருக்கிறது.

வங்கி வீட்டுக்கு வருமா?

வரும். 70 வயதைத் தாண்டியவர்களுக்கும், நடமாட முடியாதவர்களுக்கும் வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவைகளைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. பணம் கொண்டு வந்து தருவது, காசோலை வாங்கிச் செல்வது, உயிர்வாழ் சான்றிதழ் ஆகியவை இதில் வரும். பொதுத்துறை வங்கிகளில் ஒரு சேவைக்கு 75 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்ற அளவில் கட்டணம் உண்டு. சில வங்கிகளில் மூத்த குடிமக்களுக்குச் சலுகையும் இருக்கிறது. கிளையில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

நவம்பர் மாதம் வந்தால் மத்திய அரசு ஓய்வூதியர்கள் லைஃப் சர்டிபிகேட்டுக்காக பேங்க் வாசலில் நிற்பார்கள். 80 வயதானவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். தபால்காரரே வீட்டுக்கு வந்து இதைச் செய்து தருவார் என்பது நிறைய பேருக்குத் தெரியாது. இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி மூலம் ஆதார், விரல்ரேகையை வைத்து டிஜிட்டல் சான்றிதழ் எடுத்துக் கொடுப்பார். கட்டணம் 70 ரூபாய். தெருவுக்கு வரும் தபால்காரரிடமோ, பக்கத்துத் தபால் நிலையத்திலோ சொன்னால் போதும்.

வருமானமே இல்லாத முதியவர்களுக்கு அரசின் மாத உதவித்தொகை இருக்கிறது. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962-லேயே தொடங்கிய திட்டம். 2023 ஆகஸ்ட் முதல் இந்தத் தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். மயிலாப்பூரில் மாடி வீட்டில் இருப்பவருக்கு இது தேவைப்படாது. ஆனால் அதே மாடிப்படியைப் பெருக்க வரும் 65 வயது அம்மாவுக்குத் தேவைப்படலாம். அவர் விண்ணப்பித்துவிட்டாரா என்று கேட்டுப் பாருங்கள்.

வெளியே போய் வர

60 வயதான சென்னைவாசிகளுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 முறை இலவசமாகப் பயணிக்க டோக்கன் உண்டு. 2016 பிப்ரவரியில் வந்த திட்டம் இது. ஆறு மாதத்துக்கான டோக்கன்களை வருடத்துக்கு இரண்டு முறை பஸ் நிலையங்களிலும் டெப்போக்களிலும் உள்ள மையங்களில் தருவார்கள். ஏசி பேருந்துகளில் செல்லாது. குடும்ப அட்டை, வயதுச் சான்று, புகைப்படம் கொண்டு போக வேண்டும். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதலே இலவசம் என்பதால், இந்த டோக்கன் அப்பாக்களுக்கும் தாத்தாக்களுக்கும்தான் அதிகம் பயன்படும்.

டோக்கன் இருந்தாலும் படி ஏற முடிய வேண்டுமே? 2024 ஆகஸ்ட்டில் இருந்து தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. பஸ்ஸின் தளம் நிறுத்தத்தின் பக்கம் சற்றுச் சாய்ந்து இறங்கும். தி.நகரில் மாம்பலம் ரயில் நிலையத்தையும் பஸ் நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை 2023 மே மாதம் திறக்கப்பட்டது. 570 மீட்டர் நீளம். லிஃப்ட், எஸ்கலேட்டர் இரண்டும் உண்டு. ரங்கநாதன் தெரு நெரிசலில் சிக்காமல் போய்விடலாம்.

தெருவிளக்கு எரியவில்லை, நடைபாதை உடைந்திருக்கிறது, வாசலில் கழிவுநீர் தேங்கியிருக்கிறது என்றால் மாநகராட்சியின் 1913-ஐ அழையுங்கள். இதை ஊர்ப் பிரச்னையாக மட்டும் பார்க்க வேண்டாம். 75 வயதில் ஒரு பெயர்ந்த கல் என்பது இடுப்பு எலும்பு முறிவு.

பேச ஓர் ஆள்

மேலே சொன்ன எதுவும் தனிமையைத் தீர்க்காது. அதற்கு மனிதர்கள்தான் வேண்டும்.

இதில் இந்தப் பகுதிக்கு ஒரு நல்ல பாரம்பரியம் இருக்கிறது. மண்டே சேரிட்டி கிளப்பை நடத்திய சாவித்திரி வைத்தி, ஆதரவற்ற வயதான பெண்களுக்காக 1978-ல் 'விஸ்ராந்தி' இல்லத்தைத் தொடங்கினார். எழுத்தாளர் சபீதா ராதாகிருஷ்ணா தொடங்கிய 'உதவி' அமைப்பு, வேறு வழியில் யோசித்தது. முதியவர்களை இல்லத்துக்குக் கூட்டிக்கொண்டு வராமல், தன்னார்வலர்கள் அவர்களுடைய வீட்டுக்குப் போவது, பேங்க், ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போவது என்ற வழி அது.

வெளிநாடுகளிலும் இதே யோசனை பரவியது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பீக்கன் ஹில் என்ற பகுதியில் வசித்த முதியவர்கள் சிலர் சேர்ந்து 2002-ல் ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். உறுப்பினர் கட்டணம் கட்டினால் போதும். குழாய் ரிப்பேர் முதல் டாக்டரிடம் போவது வரை ஒரே போன் அழைப்பில் ஏற்பாடு செய்து தருவார்கள். யாரும் வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை. அந்த மாதிரியைப் பார்த்து அமெரிக்காவில் பல ஊர்களில் இப்படிப்பட்ட சங்கங்கள் உருவாகின.

நம் ஊரில் அதற்கு இணையானது அப்பார்ட்மெண்ட் சங்கமும், குடியிருப்போர் நலச் சங்கமும், பார்க்கில் கூடும் கூட்டமும்தான். லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவிலும், தி.நகர் நடேசன் பூங்காவிலும் காலையில் போய்ப் பாருங்கள். ஒரே பெஞ்சில் ஒரே நேரத்தில் உட்காரும் பெரியவர்கள், ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் போன் போட்டு விசாரிப்பார்கள். சம்பளம் இல்லாத பாதுகாப்பு வளையம் அது.

பகல் நேரத்தில் பெரியவர்கள் வந்து இருந்துவிட்டுப் போக 'அன்புச்சோலை' மையங்கள் அமைக்கப்படும் என்று தமிழ்நாடு அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. மாநகராட்சிப் பகுதிகளில் 25 மையங்கள், 10 கோடி ரூபாய் ஒதுக்கீடு. காலையில் போய், மதியம் பேசிப் பழகி, மாலையில் சொந்த வீட்டுக்கே திரும்பலாம் என்பதுதான் இதன் சிறப்பு. உங்களுக்கு அருகில் எங்கே என்று 14567-ல் கேட்கலாம்.

தனியார் சேவை எடுக்கும் முன்

மாதக் கட்டணத்தில் வீட்டுக்கு நர்ஸ், உதவியாளர், ஆஸ்பத்திரித் துணை என்று தரும் நிறுவனங்கள் சென்னையில் நிறைய உள்ளன. கையெழுத்து போடும் முன் இவற்றைக் கேளுங்கள்:

* வருபவர் பயிற்சி பெற்ற நர்ஸா, உதவியாளரா? இரண்டும் வேறு வேறு. கட்டணமும் வேறு.
* போலீஸ் வெரிஃபிகேஷன் முடிந்ததா? அதன் நகல் கிடைக்குமா?
* ஒரு நாள் வரவில்லை என்றால் மாற்று ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார்?
* முன்பணம் எவ்வளவு? நடுவில் நிறுத்தினால் திரும்பக் கிடைக்குமா?
* ராத்திரி 2 மணிக்கு அழைத்தால் யார் எடுப்பார்கள்?

இன்னொன்றும் உண்டு. "யாரை வைக்கலாம்?" என்ற முடிவை அம்மாவோடு சேர்ந்து எடுங்கள். அவர் வீட்டில், அவர் சமையலறையில் நடமாடப் போகிறவர் அந்த ஆள். நீங்கள் வெளிநாட்டில் இருந்து ஆன்லைனில் புக் செய்தவரை, அம்மா மூன்றாம் நாளே அனுப்பிவிடுவார்.

வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டால்?

சொந்த வீட்டில் வாழ, முதலில் அந்த வீடு இருக்க வேண்டும். 2007 சட்டத்தின் 23-வது பிரிவு இதற்காகவே இருக்கிறது. பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையில் சொத்தை எழுதிக் கொடுத்த பிறகு பிள்ளைகள் கவனிக்கவில்லை என்றால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். முதியவர்களின் நலனுக்காகக் கொண்டுவந்த சட்டம் என்பதால் அதை அவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொன்னது. இருந்தாலும் பத்திரத்திலேயே 'கடைசி வரை பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையை எழுதி வைப்பதுதான் பாதுகாப்பு.

பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்க வருவாய் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிட முடியும். பிள்ளை இல்லாதவர்கள், தங்கள் சொத்துக்கு வாரிசாக வரும் உறவினரிடம் கேட்கலாம். மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம். மூத்த குடிமகனைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

போனில் வரும் திருடன்

கதவுக்குக் கிரில் போட்டாயிற்று. போனுக்கு? "உங்கள் பெயரில் பார்சல் பிடிபட்டிருக்கிறது, நீங்கள் டிஜிட்டல் அரெஸ்ட்டில் இருக்கிறீர்கள்" என்று வீடியோ காலில் மிரட்டி, ஓய்வுபெற்றவர்களின் சேமிப்பைச் சுருட்டும் மோசடி அதிகரித்திருக்கிறது. தனியாக இருப்பவர்கள்தான் எளிய இலக்கு. பக்கத்தில் "போனை வைம்மா" என்று சொல்ல ஆள் இல்லை.

'டிஜிட்டல் அரெஸ்ட்' என்ற ஒன்று சட்டத்திலேயே கிடையாது. இதை அம்மா, அப்பாவிடம் இன்றே சொல்லுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு வாய்ப்பு. அதைவிட முக்கியம், திட்டுவதில்லை என்று உறுதி கொடுங்கள். பிள்ளைகள் திட்டுவார்கள் என்ற பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள், நேரம் போய்விடுகிறது.

எல்லாம் இருந்தும் ஏன் கிடைப்பதில்லை?

2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் நினைத்துப் பாருங்கள். கரண்ட் போனது, போன் டவர் போனது. மோட்டார் ஓடாததால் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. அந்த நேரத்தில் 14567, 108, ஆப், வீடியோ கால் எதுவுமே வேலை செய்யாது. 'இரண்டாவது மாடியில் ஒரு பாட்டி தனியா இருக்காங்க' என்று தெரிந்த பக்கத்து வீட்டுப் பையன்தான் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

மாத்திரைக்கு ஒரு துறை, ரேஷனுக்கு ஒரு துறை, பென்ஷனுக்கு ஒரு துறை. மூன்றுக்கும் தனித்தனிப் பதிவு, தனித்தனி ஆதார் நகல். ஆன்லைனில் விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள், ஓடிபி வரும் போனைப் பார்க்கக் கண்ணாடி தேட வேண்டியிருக்கிறது. சேவை இல்லை என்பதைவிட, சேவைக்கும் பெரியவருக்கும் நடுவில் இருந்து இணைக்கும் ஒரு மனிதர் இல்லை என்பதுதான் இங்கே உண்மையான குறை. அந்த மனிதர் மகளாக இருக்கலாம், எதிர்வீட்டுக்காரராக இருக்கலாம், சங்கச் செயலாளராக இருக்கலாம். ஆனால் ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

1. பக்கத்து வீட்டில் ஒருவரிடம் மாற்றுச் சாவி கொடுத்து வையுங்கள். அவருடைய எண் உங்களிடம், உங்கள் எண் அவரிடம்.
2. ஒரு தாளில் பெரிய எழுத்தில் 108, 100, 14567, 104, 1930, 1913, குடும்ப டாக்டர், பக்கத்து வீடு, பிள்ளைகள் எண்களை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.
3. அதன் பின்பக்கம் வியாதிகள், சாப்பிடும் மாத்திரைகள், ஒவ்வாமை, ரத்த வகை எழுதுங்கள். ஆம்புலன்ஸில் வருபவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.
4. காவல் நிலையத்தில் பெயர் கொடுங்கள்.
5. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் வீடு தேடி வரும் மருத்துவத்துக்குக் கேளுங்கள்.
6. பாத்ரூமில் கைப்பிடி, வழுக்காத பாய், ராத்திரி எரியும் சின்ன விளக்கு. இந்த மூன்றுக்கும் ஆகும் செலவு ஓர் ஆஸ்பத்திரி நாளின் செலவைவிடக் குறைவு.
7. தினமும் ஒரு நேரம் வையுங்கள். காலை 8 மணிக்கு அம்மா ஒரு 'குட் மார்னிங்' அனுப்ப வேண்டும். 9 மணி வரை வரவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்குப் போன்.

இன்று ராத்திரி வீடியோ காலில் "சாப்டியா?" என்று கேட்ட பிறகு இன்னொரு கேள்வியும் கேளுங்கள். "இந்த வாரம் உன்னால செய்ய முடியாமப் போனது என்னம்மா?" முதலில் "ஒண்ணும் இல்ல" என்றுதான் வரும். கொஞ்சம் பொறுத்திருங்கள். பல்பு கதை வெளியே வரும். எந்த வாசலைத் தட்ட வேண்டும் என்பது அப்போது உங்களுக்குத் தெரியும்.